டீசண்ட் குடும்பங்களுக்கு மட்டும்

பிரபு,

சென்ற ஞாயிற்றுக்கிழமை காலை, நீண்ட ஆலோசனைக்குப் பிறகு, நம் வீட்டுக் கேட்டில் தொங்கும் டு-லெட் பலகையில் 'டீசண்ட்' என்ற சொல்லின் மேல் வெள்ளைப் பெயின்ட் அடிப்பது என்று முடிவு செய்தேன். முடிவு ஒருமனதாக நிறைவேறியது. உன் அம்மா அப்போது தேங்காய் துருவிக்கொண்டிருந்ததால் வாக்களிக்கவில்லை. பெயின்ட் கடைக்கு நானே போனேன். சின்ன டப்பா இல்லை என்றார்கள். இப்படிப்பட்ட காரியங்களில் சிக்கனம் பார்க்கக் கூடாது என்று பெரிய டப்பாவையே வாங்கி வந்தேன். அது இன்னும் ஒரு வீட்டுக்கே போதும். ஸ்டூலை கேட் ஓரமாகப் போட்டு ஏறி நின்று, ஆறு ஆங்கில எழுத்துகளையும் ஒவ்வொன்றாக மூடினேன். லிங்கராஜபுரத்தில் அதைப் பார்க்க யாரும் நிற்கவில்லை. தண்ணீர் டேங்கர்காரன் ஒருவன் ஹாரன் அடித்தான், அதுவும் ஸ்டூல் அவன் வழியில் இருந்ததற்காக. இறங்கி, எதிர்ப்பக்கம் போய் நின்று பார்த்தேன். டு-லெட், முதல் மாடி, பிறகு ஒரு வெள்ளைக் கட்டம், பிறகு ஃபேமிலி ஒன்லி. பல் பிடுங்கிய வாய் மாதிரி இருந்தது.

அம்மா முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்து பார்த்தாள்.

"டீசண்ட தூக்கிட்டீங்க, சரி. ஃபேமிலிய என்ன பண்ணப் போறீங்க?"

"ஒண்ணொண்ணாத்தான் ஆகும்."

"ஆகட்டும் ஆகட்டும். அதுக்குள்ள அவன் புனேல வீடே கட்டிடுவான்."

இந்தக் கடிதம் எதற்கு என்று உனக்குத் தெரியும். ஆனாலும் விஷயத்தை வரிசையாகச் சொல்வது, அரசு அலுவலகத்தின் மொழிபெயர்ப்புப் பிரிவில் இருந்து ஓய்வு பெற்ற ஒருவனை விட்டு எளிதில் போகாத பழக்கம். நம் வீட்டு மாடி கோடையிலிருந்து காலியாகக் கிடக்கிறது. நீயும் ரோஸ்லினும் குடியிருக்க வீடு இல்லாமல் இருக்கிறீர்கள். நீ அடுகோடியில் ஆண்கள் பி.ஜி. விடுதி ஒன்றில், குறட்டை விடும் மூன்று பேருடன் ஓர் அறையில் படுக்கிறாய். அவள் இரண்டு தெரு தள்ளிப் பெண்கள் பி.ஜி.யில் இருக்கிறாள். முப்பதைத் தாண்டிய, நல்ல வேலையில் இருக்கிற இரண்டு பேர், சாயங்காலம் பேக்கரி வாசலில் நின்று பேசிவிட்டு, கேட் பூட்டிவிடுவார்கள் என்று பள்ளிக்கூடப் பிள்ளைகள் மாதிரி ஆளுக்கொரு பக்கம் ஓடுகிறீர்கள். ரோஸ்லினுக்குப் புனேயில் ஒரு வேலை தயாராக இருக்கிறது. இந்த மாதத்துக்குள் இங்கே ஒரு வீடு அமையாவிட்டால் இரண்டு பேரும் புனே போய்விடுவதாக அம்மாவிடம் சொல்லியிருக்கிறாய். என்னிடம் சொல்லவில்லை. ஆயுத பூஜையிலிருந்து நீ என்னிடம் எதுவும் சொல்வதில்லை. நான் ஃபோனை எடுத்தால், "அம்மா இருக்காங்களா?" என்று கேட்கிறாய், இன்ஷூரன்ஸ் விற்க வந்தவன் மாதிரி. நம் மாடிக்கே வந்துவிடுங்கள் என்று அம்மா அழைத்தபோது, "அப்பா கேக்கட்டும்மா" என்றாயாம். நியாயமான நிபந்தனை. அதனால் கேட்பதற்காக உட்கார்ந்தேன். கேட்பதற்கு முன்னால் அந்த ஒரு சொல்லைப் பற்றிக் கொஞ்சம் தெரிந்துகொண்டு கேட்கலாம் என்று தோன்றியது. தாமதத்துக்கு அதுதான் காரணம்.

நீ பேசாமல் இருப்பது ஒரு தொலைபேசி அழைப்பால். பாணஸ்வாடி பக்கம் நீங்கள் இருவரும் ஒரு வீடு பார்த்து, டோக்கன் கொடுத்து, மறுநாள் அக்ரிமென்ட் என்ற நிலையில் இருந்தீர்கள். நீங்கள் புருஷன் பெண்டாட்டி என்று வீட்டுக்காரர் தாமாகவே நினைத்துக்கொண்டார். நீங்களும் அதைத் திருத்தவில்லை. இந்த ஊரில் அதற்குப் பெயர் பொய் இல்லை, அட்ஜஸ்ட்மென்ட். பெற்றோரின் நம்பர் கேட்டிருக்கிறார், நீ என் நம்பரைக் கொடுத்திருக்கிறாய். வாழ்க்கையில் நீ செய்த தவறுகளில் இதைத்தான் முதலாவதாக வைப்பேன். நான் அப்போது மாடிக் குழாய்க்கு வாஷர் மாற்றிக்கொண்டிருந்தேன்.

"நமஸ்காரா சார். உங்க பையன் நம்ப வீட்ட பாத்திருக்காரு. உங்களுக்கும் வாடகைக்கு மாடி இருக்குன்னு சொன்னாரு. ஓனருக்கு ஓனர், ஒரு மாத்து, ஒரு வார்த்த கேக்கலாமா?"

"தாராளமா கேளுங்க."

"பையன் டீசண்ட்தானே?"

"அதுல சந்தேகமே வேணாம் சார். சிகரெட் கிடையாது, கூச்சல் கிடையாது. வாடகை அஞ்சாம் தேதி தாண்டாது."

"சந்தோஷா. மிஸஸ்?"

இங்கே வேறு எந்தத் தகப்பனாக இருந்தாலும், அவளும் தங்கமான பெண் என்று சொல்லிவிட்டு வாஷரைப் பார்க்கப் போயிருப்பான். ஆனால் அந்த நிமிடத்தில் நான் தகப்பனாக இல்லை. எத்தனையோ வருஷமாக இதே கேள்வியை நான் மாடி கேட்டு வந்த எத்தனையோ பேரின் சித்தப்பாக்களிடமும் மேனேஜர்களிடமும் ஃபோனில் கேட்டிருக்கிறேன். ஒருவராவது உண்மையைச் சொன்னதில்லை. ஒரு நாளாவது ஒருவன் உண்மையைச் சொல்ல மாட்டானா என்று ஏங்கியிருக்கிறேன். அந்த ஒருவன் நான்தான் என்று அப்போது தெரிந்தது.

"மிஸஸ் இன்னும் ஆகல சார். ஆனா நல்ல பொண்ணு."

மறுமுனையில் டிவியை அணைத்தார். பிறகு, "நீங்களும் ஓனர். நீங்களே சொல்லுங்க. ஏன் மாடோது சார்?" என்றார். என்ன செய்வது என்று என்னிடமே கேட்கிறார். உங்கள் நிலைமை எனக்குப் புரிகிறது என்றேன். உண்மையிலேயே புரிந்தது, அதுதான் கொடுமை. அதன்பிறகு நாங்கள் சம்ப் மோட்டாரைப் பற்றியும், டேங்கர் விலையைப் பற்றியும், மோட்டாரைப் போட்டுவிட்டு அணைக்க மறந்து தூங்கும் குடித்தனக்காரர்களைப் பற்றியும் வெகு நேரம் பேசினோம். வைக்கும்போது அவர், "இவ்ளோ ஸ்ட்ரெய்ட்டா பேசுற டீசண்ட் மனுஷர நான் பாத்ததில்ல சார்" என்றார். நீ வந்து கத்தும் வரை எனக்கு அன்று சந்தோஷமாகவே இருந்தது.

நீ கத்திவிட்டுப் போனபிறகு அம்மா கேட்டது ஒரே கேள்வி. "உங்கள யாரு கேட்டா?"

"அவர்தான் கேட்டாரு."

"கேட்டா?"

இதற்குப் பதில் தேடித்தான் அகராதிகளை எடுத்தேன். உனக்குத் தெரியும், வீட்டில் எந்தச் சண்டை வந்தாலும் உன் அம்மா அடுப்பைத் துடைப்பாள், நான் அகராதியைப் புரட்டுவேன். அவளுக்காவது அடுப்பு சுத்தமாகிறது. டீசண்ட் என்பது லத்தீனிலிருந்து பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்த சொல். லத்தீனில் அதற்குப் பொருந்துவது, தகுந்தது என்று பொருள். நம் தமிழில் 'தகும்' என்கிறோமே, கிட்டத்தட்ட அது. ஆரம்பத்தில் அது ஆளைப் பற்றிய சொல்லே இல்லை. இந்தப் பதவிக்கு இந்த உடை பொருந்துகிறதா, இந்தச் சாவுக்கு இந்த மௌனம் பொருந்துகிறதா என்பது போன்ற விவகாரம். அலங்காரத்தைக் குறிக்கும் ஆங்கிலச் சொல் இதற்கு நெருங்கிய சொந்தம், கண்ணியத்தைக் குறிக்கும் சொல்லும் அதே வம்சம். பிறகு மெல்ல ஆளின் மேல் ஏறியது. ஆடை உடுத்தியிருப்பவன் டீசண்ட். ஓர் ஆங்கிலேயர் அறைக் கதவைத் தட்டி, டீசண்டாக இருக்கிறாயா என்று கேட்டால் உன் குணத்தைப் பற்றி விசாரிக்கவில்லை, வேட்டி கட்டியிருக்கிறாயா என்றுதான் கேட்கிறார். அதற்கும் பிறகு, மோசமில்லை, பரவாயில்லை என்ற இடத்துக்கு இறங்கியது. டீசண்ட் சம்பளம், டீசண்ட் காபி. அகராதியில் கடைசிப் பக்கமாக, களைத்துப்போன ஒரு மூலையில்தான், அடுத்தவரிடம் அன்பாக நடந்துகொள்வது என்ற பொருள் வருகிறது. கட்டாயம் இல்லாதபோதும் ஒருவர் உனக்கு உதவினால் ஆங்கிலத்தில் அவரை டீசண்ட் என்பார்கள். நான் சொல்லைப் பயன்படுத்திய இத்தனை காலத்தில் அந்த மூலைவரை வாசித்ததில்லை.

தமிழில் அதன் வாழ்க்கை தனி. நாம் அதை எடுத்துக்கொண்டபோது ஆங்கிலேயரைக் கேட்டுக்கொள்ளவில்லை. 'டீசண்டா டிரெஸ் பண்ணு' என்றால் உன் அத்தை வருகிறாள் என்று அர்த்தம். 'டீசண்டா பேசு' என்றால் எதிராளி சொல்வது உண்மைதான், ஆனால் சத்தமாகச் சொல்கிறான் என்று அர்த்தம். 'டீசண்டா ஒதுங்கிக்கோ' என்றால் அடிப்பதற்கு முன் போய்விடு. பெங்களூரில் மாடி வாடகைக்கு விடுகிறவனுக்கு அது இன்னும் வசதியான சொல். என்ன சாதி, என்ன மதம், மீன் வறுப்பாயா, பெண் தனியாகவா, எத்தனை மணிக்கு வீட்டுக்கு வருவாய், யார் யார் வருவார்கள் என்பதை எல்லாம் பலகையில் எழுதினால் பலகை நீளமாகிவிடும், நமக்கும் அசிங்கம். டீசண்ட் என்று ஒரே சொல்லில் எழுதிவிட்டால் வருகிறவரே பார்த்துப் புரிந்துகொண்டு போய்விடுவார். நாம் யாரையும் வேண்டாம் என்று சொல்லவே வேண்டியதில்லை. என் மொழிபெயர்ப்பு வாழ்க்கையில் இவ்வளவு பொருளை இவ்வளவு சின்ன சொல்லில் அடக்கியதை வேறெங்கும் நான் கண்டதில்லை.

இந்தச் சொல் என் மேல் முதன்முதலாக விழுந்தது அல்சூரில். கல்யாணமான புதிது. வாடகைக்கு வீடு தேடி நானும் உன் அம்மாவும் ஒரு மாடிப்படி ஏறிக்கொண்டிருந்தோம். மேலிருந்து ஓர் இளம் தம்பதி இறங்கி வந்தார்கள். அவன் தோளில் ஒரு குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது. குறுகலான படி, அவர்கள் சுவரோடு ஒட்டி நின்று எங்களுக்கு வழி விட்டார்கள். மேலே பிரம்பு நாற்காலியில் உட்கார்ந்திருந்த வீட்டுக்காரர் என்னைப் பார்த்தார், இன் செய்த சட்டையைப் பார்த்தார், அரசு வேலையா என்று கேட்டார், "அவங்க சரிப்பட மாட்டாங்க. உங்களப் பாத்தாலே டீசண்ட்னு தெரியுது" என்று சாவியை எடுத்தார். பரீட்சையில் முதல் வகுப்பு வாங்கியபோதுகூட எனக்கு அவ்வளவு பெருமையாக இருந்ததில்லை. திரும்பும்போது அம்மா, "அவங்க நமக்கு முன்னாடியே வந்தாங்க இல்ல?" என்றாள். வீட்டுக்காரர் இஷ்டம் என்றேன். இன்றைக்கும் அந்த வீட்டைப் பற்றிப் பேச்சு வந்தால் அவள் வெளிச்சத்தையோ காற்றையோ சொல்வதில்லை. அந்தக் குழந்தையின் ஒரு காலில் மட்டும்தான் செருப்பு இருந்தது என்கிறாள். உனக்கு ஒன்று சொல்லி வைக்கிறேன், அறிவுரை என்று எடுத்துக்கொண்டாலும் சரி: உன்னை யாராவது டீசண்ட் என்று சொன்னால், படியில் யார் இறங்கிப் போகிறார்கள் என்று ஒரு முறை திரும்பிப் பார்.

பாஷாவை உனக்கு நினைவிருக்கும். கல்யாண ஆர்க்கெஸ்ட்ராவில் டிரம்ஸ் வாசித்தவர். நான் மைசூருக்குப் பயிற்சிக்குப் போயிருந்த வாரத்தில் அம்மா அவருக்கு இந்த வீட்டு மாடியை விட்டுவிட்டாள். திரும்பி வந்து, "பலகையில என்ன எழுதியிருக்குன்னு பாக்கலையா?" என்று குதித்தேன். "பாத்தேன். அவரு என்னவோ டீசண்டாத்தான் தெரிஞ்சாரு" என்றாள். பாஷா வீட்டில் பயிற்சி செய்யும்போது டிரம்மை அடிக்க மாட்டார், தலையணையை அடிப்பார், எங்களுக்குத் தொந்தரவாக இருக்கக் கூடாது என்று. அப்படியும் சாயங்காலம் இறங்கி வந்து, "சத்தம் ஏதும் கேட்டுச்சா சாப்? சொல்லிடுங்க, நான் மொட்ட மாடிக்குப் போயிக்கிறேன்" என்பார். நீ அவரிடம் போய் உட்கார்ந்து நம் தலையணை இரண்டைப் பஞ்சாகப் பறக்கவிட்டாய். தெருவில் இரண்டு பேர் என்னிடம் ஒரு மாதிரி விசாரிக்க ஆரம்பித்தார்கள். இன்ன காரணம் என்று அவர்களும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. டீசண்ட் ஏரியா இது என்பதோடு நிறுத்திக்கொண்டார்கள். நான் பாஷாவிடம், மாடி சொந்த உபயோகத்துக்கு வேண்டும் என்றேன். வீட்டுக்காரர்கள் எல்லோரும் சொல்லும், எந்தக் குடித்தனக்காரரும் நம்பாத வாக்கியம் அது. அவர் தலையாட்டினார். "பரவால்ல சாப். மத்தவங்க சாமான தூக்கி வெளிய வெச்சிடுவாங்க. நீங்க டீசண்டா சொன்னீங்க" என்றார். கிண்டலாகச் சொல்லியிருந்தால் எனக்குச் சௌகரியமாக இருந்திருக்கும். அவர் கிண்டல் செய்யவில்லை.

அவருக்குப் பிறகு வந்த வங்கி அதிகாரியை நானே தேர்ந்தெடுத்தேன். நெற்றியில் விபூதி, வாயில் 'சார்', அவர் மனைவி வெள்ளிக்கிழமைதோறும் சுண்டல் கொடுத்தனுப்புவார். பலகை அவருக்காகவே எழுதப்பட்டது போலிருந்தது. மாற்றலாகிப் போனபோது நமஸ்காரம் செய்துவிட்டுப் போனார். மேலே போய்ப் பார்த்தால் குழாய்கள் இல்லை, ஃபேன் ரெகுலேட்டர்கள் இல்லை, பாத்ரூம் கதவின் தாழ்ப்பாளும் இல்லை. திருகாணிகளை மட்டும் ஒரு காகிதத்தில் மடித்து ஜன்னலில் வைத்திருந்தார். அம்மா அதைக் கையில் எடுத்துப் பார்த்து, "டீசண்டா கழட்டியிருக்காரு" என்றாள். நான் அதன்பிறகும் பலகையை மாற்றவில்லை. மனிதன் அனுபவத்தில் கற்றுக்கொள்கிறான் என்று சொல்கிறவர்கள் சொந்த வீடு இல்லாதவர்கள்.

இப்போது ரோஸ்லின் முதன்முதலாக வீட்டுக்கு வந்த நாள். அவளை உட்காரச் சொல்லிவிட்டு, நல்ல தகப்பனாக நான்கு வார்த்தை பேசுவோம் என்று ஆரம்பித்தேன். சொந்த ஊர் எது என்றேன். கோலார் தங்கவயல் என்றாள். அப்பா? சுரங்கத்தில் இருந்தவர். ஆபீஸ் எங்கே, எத்தனை மணிக்குத் திரும்புவாய், சமையல் வருமா, அசைவமும் உண்டா, வண்டி வைத்திருக்கிறாயா, ஊரிலிருந்து ஆட்கள் அடிக்கடி வருவார்களா என்று கேட்டேன். எல்லாவற்றுக்கும் நிதானமாகப் பதில் சொன்னாள். கடைசியில் காபி டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, முகத்தில் ஒரு சுருக்கம்கூட இல்லாமல், "அங்கிள், அட்வான்ஸ் எத்தன மாசம்?" என்றாள். உனக்குக் காபி புரையேறியது. அம்மா சிரிப்பை அடக்க முடியாமல் அடுப்படிக்குள் ஓடினாள். நான், "பத்து மாசம், பேசிக் குறைச்சுக்கலாம்" என்றேன். அதற்கு நீங்கள் மூவரும் மறுபடி சிரித்தீர்கள், அப்பாவுக்கும் நகைச்சுவை வருகிறது என்று. உண்மையைச் சொல்லிவிடுகிறேன். அது நகைச்சுவை இல்லை. வாய்ப் பழக்கத்தில் வந்துவிட்டது.

அதன்பிறகு அம்மா கோவிலில் கல்யாணம் என்றாள், ரோஸ்லினின் அப்பா சர்ச்சில் என்றார். இரண்டுமே நியாயமான கோரிக்கைகள், அதனால் இரண்டில் ஒன்றையும் விட்டுக்கொடுக்க யாராலும் முடியவில்லை. கடைசியில் நீங்கள் களைத்துப்போய், கல்யாணம் இப்போதைக்கு வேண்டாம், குடியிருக்க ஒரு வீடு போதும் என்று வந்தீர்கள். அம்மா ஒரு வாரம் அழுதாள், எட்டாவது நாள் உங்களுக்கு என்று பாத்திரம் ஒதுக்க ஆரம்பித்தாள். நான் அழவில்லை. நான் யோசித்துக்கொண்டிருந்தேன். இன்னொரு அறிவுரை உண்டு என்றால் அது இதுதான்: யோசித்துக்கொண்டிருப்பவனைப் பார்த்து மனசு மாறுகிறது என்று நினைத்துவிடாதே. பெரும்பாலும் அவன் அப்படியே உட்கார்ந்திருப்பதற்கு ஒரு பெயர் வைத்திருக்கிறான்.

அகராதி விஷயத்தில் ஒன்று பாக்கி. அந்த லத்தீன் சொல்லுக்கும் பின்னால் போனால், எந்த நாட்டின் பெயரும் சொல்ல முடியாத அவ்வளவு பழைய காலத்தில், அதற்கு ஒரு வேர் இருக்கிறது என்கிறார்கள் அறிஞர்கள். கற்பிப்பவர் என்ற பொருளில் டாக்டர் என்று சொல்கிறோமே, அந்தச் சொல்லும் அதே வேரில் முளைத்ததுதான். அந்த வேருக்குப் பொருள், கையில் வாங்கிக்கொள்வது. ஏற்றுக்கொள்வது. வேறு அகராதிகளிலும் சரிபார்த்தேன். ஒருவேளை அச்சுப் பிழையாக இருக்குமோ என்ற நம்பிக்கைதான். பிழை இல்லை. இதை அம்மாவிடம் போய்ச் சொன்னேன். அவள் வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டே, "இதுக்கு இத்தன நாளா? என்னக் கேட்டிருந்தா அப்பவே சொல்லியிருப்பேனே" என்றாள்.

"உனக்கு லத்தீன் தெரியுமா?"

"பாஷாவத் தெரியும்."

ஆகவே, பிரபு, கேட்கிறேன். நீயும் ரோஸ்லினும் மாடிக்கு வந்துவிடுங்கள். எத்தனை மணிக்கு வந்தீர்கள் என்று கேட்க மாட்டேன். என்ன சமைக்கிறீர்கள் என்று மோப்பம் பிடிக்க மாட்டேன். படியேறி வருகிறவர்கள் யார் என்று ஜன்னல் வழியாகப் பார்க்க மாட்டேன், பார்த்தாலும் பெயர் கேட்க மாட்டேன். கோவிலா சர்ச்சா என்ற முடிவை நீங்கள் எடுக்கும்போது எடுங்கள், எடுக்காவிட்டாலும் சரி. தெருவில் யாராவது கேட்டால் என்ன சொல்வது என்று தெரியவில்லை. சொல்லாமல் இருப்பதற்குப் பயிற்சி எடுத்துக்கொள்கிறேன். மோட்டாரை மட்டும்

இந்த இடத்தில் அம்மா பின்னால் வந்து நின்றாள். நேற்றுக் காலை.

"இன்னும் முடியலையா?"

"வேர்ச்சொல் முடிஞ்சுது. இப்பத்தான் விஷயத்துக்கு வந்திருக்கேன்."

"நீங்க மெதுவா வாங்க. மாசம் முடியுது." அவள் வெளியே போகும் புடவையில் இருந்தாள். மாடிச் சாவியை ஆணியிலிருந்து எடுத்து ஹேண்ட்பேகில் போட்டுக்கொண்டாள்.

"எங்க?"

"அடுகோடிக்கு. ஆட்டோ வாசல்ல நிக்குது."

"நான்தான் கேக்கணும்னு சொன்னானே?"

"அவன் அப்பாதான் கேக்கணும்னு சொன்னான். நான் கேக்கக் கூடாதுன்னு சொல்லல. சாதம் வெச்சிருக்கேன், ரசத்த மட்டும் சூடு பண்ணிக்கோங்க."

இதற்கு மேல் நடந்தது உனக்குத் தெரிந்ததுதான். ஆரம்பித்த கடிதத்தைப் பாதியில் விடக் கூடாது என்பதற்காக எழுதுகிறேன். இப்போது தபால் செலவும் இல்லை, நீ இந்தக் காகிதத்துக்கு நேர் மேலேதான் நடந்துகொண்டிருக்கிறாய். கட்டிலை இழுத்துப் போடும் சத்தம் கேட்கிறது. நேற்று மதியம் நீங்கள் மூவரும் ஆட்டோவில் வந்து இறங்கினீர்கள். நீ நேராகப் படியேறிப் போனாய். ரோஸ்லின் நின்று, "நல்லாருக்கீங்களா அங்கிள்?" என்றாள். நான், "வாம்மா" என்றேன். எனக்குக் கேட்பதற்கு நிறைய இருந்தது, ஒன்றும் கேட்கவில்லை. அவளும் கொஞ்சம் காத்திருந்து பார்த்துவிட்டு மேலே போனாள்.

கூடத்தில் பிறகு நடந்த பேச்சு என் காதில் விழுந்தது. நான் அறையில் இருந்தேன். வாடகை வேண்டாம் என்றாள் அம்மா. ரோஸ்லின் ஒப்புக்கொள்ளவில்லை. "இல்ல ஆன்ட்டி. எல்லாருக்கும் போடுற மாதிரி பதினோரு மாசத்துக்கு அக்ரிமென்ட் போட்டுடலாம். நாளைக்கு யாரும் எங்களப் போன்னு சொல்லக் கூடாது. எங்களுக்கும் பேப்பர்னு ஒண்ணு இருக்கட்டும்." நீ, "அவ சொல்றதுதான் சரிம்மா" என்றாய். அம்மா, "யாரு சொல்லப் போறா?" என்றாள். பிறகு அவளே, "சரி, போடு" என்றாள்.

இன்று காலை நீங்கள் மூவரும் சிக்னல் பக்கத்தில் ஸ்டாம்ப் பேப்பர் விற்கும் கடைக்குப் போனீர்கள். நான் வீட்டில்தான் இருந்தேன். வீடு பதிவானபோது மனைவி பெயரில் இருப்பது நல்லது என்று யாரோ சொன்னதால் அம்மா பெயரில் பதிந்திருந்தேன். அதனால் நீங்கள் கொண்டுவந்த பேப்பரில் வீட்டுக்காரர் என்ற இடத்தில் அம்மா கையெழுத்துப் போட்டிருக்கிறாள். குடியிருப்பவர் என்ற இடத்தில் முதலில் ரோஸ்லின், அதற்குக் கீழே நீ. கடைசியில் இரண்டு சாட்சிகள் வேண்டுமாம். அதற்கும் என்னைக் கேட்கவில்லை. ஒருவர் எதிர்வீட்டு மெடிக்கல் ஷாப்காரர். இன்னொருவர், டைப் அடித்துக் கொடுத்தவர்.